ஆற்றுவாய் மணல் மூடிக் கிடக்கும் மட்டக்களப்புக்குள் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) எப்படிக் கப்பல் கொண்டுவந்தார்கள்?

கல்லடிப் பொடியன்:

வணக்கம் உறவுகளே. கன நாளாக மண்டைக்குள் கிடக்கிற கேள்வி இது. பாலமீன்மடு வெளிச்சவீட்டடிக்குப் போய்வருகிறவர்களுக்குத் தெரியும், கச்சான் (தென்மேற்குக்) காற்று அடிக்கிற மாதங்களில், வாவி (கடலோரத்து உப்புநீர் ஏரி) கடலில் விழுகிற முகத்துவாரம் மணல்மேடாகிக் கிடக்கும், பொடியன்கள் அதில் பந்தடிப்பார்கள், மார்கழி வெள்ளத்தில் அதே இடத்தைப் பார்த்தால் கிட்டப் போகவே பயம், கலங்கல் தண்ணீர் கடலுக்குள் கனதூரம் போய் விழும். சரி, வாய் இப்படி அடைத்துக் கிடக்கிற ஊருக்குப் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் எந்த வழியால் வந்தார்கள்? கோட்டை வாவிக்குள்ளே புளியந்தீவில் இருக்கிறது, கடலிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. கடலை நம்பி வந்தவன் கோட்டையைக் கடலுக்கு முகம் பார்க்கத்தானே கட்டுவான்?

அக்காவின் மகனுக்குப் பள்ளியில் வாவியைப் பற்றி ஒப்படை கொடுத்திருக்கிறார்கள். இணையத்தில் தேடினால் பாடுமீன், கோட்டை, பாலம் என்று மூன்று படமும் நாலு வரியும்தான் திரும்பத் திரும்ப வருகிறது. மட்டக்களப்பு உண்மையிலேயே ஒரு துறைமுகமாக இருந்ததா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள், அவனுக்கு மட்டுமில்லை, எனக்கும் வேணும்.

புளியந்தீவான்:

தம்பி, கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. கப்பல் உள்ளே வரவே இல்லை. பெரிய கப்பல்கள் எல்லாம் வெளியே கடலில் நங்கூரமிட்டு நின்றன, ஆளும் பொருளும் சின்னப் படகுகளில் மணல்திட்டைத் தாண்டி உள்ளே வந்தன. வெள்ளைக்காரன் காலத்திலும் இதே கதைதான். கரையோர நீராவிக் கப்பல் வந்தால் வெளியே நின்றபடி ஏற்றி இறக்கும், வாடைக்காற்று (வடகிழக்குக் காற்று) தொடங்கிவிட்டால் அலை எழும்பி அதுவும் கடினம். திருகோணமலையைப் போல மலை மறைப்பும் ஆழமும் உள்ள துறைமுகம் மட்டக்களப்புக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

அப்படியானால் ஏன் இங்கே வந்தார்கள்? உங்கள் மருமகன் எழுத வேண்டியது அதைத்தான் என்று நினைக்கிறேன். 1602ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் என்ற ஒல்லாந்தக் கப்பல் தலைவன் மட்டக்களப்புக் கடலில் வந்து நின்றான். அவனுக்கு வேண்டியிருந்தது மட்டக்களப்பு இல்லை, கண்டி. மேற்குக் கரையும் கொழும்பும் போர்த்துக்கேயரின் கையில் இருந்தபடியால் கண்டி அரசனிடம் போவதற்குக் கிழக்குக் கரைதான் திறந்த வாசல். இங்கே இறங்கி உள்நாட்டு வழியால் போய் விமலதர்மசூரியனைச் சந்தித்தான். போர்த்துக்கேயருக்கு இது விளங்கியபடியால்தான் 1620களில் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் அடுத்தடுத்துக் கோட்டை கட்டினார்கள், கண்டிக்குக் கடல்வாசல் ஒன்றுமே இருக்கக்கூடாது என்பது அவர்களின் கணக்கு. புளியந்தீவுக் கோட்டை 1628இல் முடிந்தது, பத்து வருடம்தான் நிலைத்தது. 1638 மே 18ஆம் தேதி ஒல்லாந்தரும் இரண்டாம் இராஜசிங்கனும் சேர்ந்து பிடித்துவிட்டார்கள். ஐந்து நாள் கழித்து, மே 23, அதே கோட்டையில் வைத்துத்தான் கண்டி அரசனும் ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்டும் ஒப்பந்தம் செய்தார்கள். அதற்குப் பிறகு இலங்கைக்கு நடந்தது எல்லாருக்கும் தெரியும். இவ்வளவு பெரிய விஷயம் நடந்த இடத்தை நாங்கள் பேருந்தில் போகும்போது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, எனக்கு அது பெரிய மனவருத்தம்.

இனி, கோட்டை ஏன் கடலைப் பார்க்கவில்லை. நான்கு மூலைக்கும் கொத்தளம் வைத்த சதுரக் கோட்டை, இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கமும் அகழி. கடலோரத்தில் கட்டியிருந்தால் மணலும் அலையும்தான் மிச்சம். வாவியோ ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளம். காற்றுக்கும் அலைக்கும் மறைவான நேர்ப்பாதை. படுவான்கரையில் (வாவியின் மேற்குக் கரை) விளைகிற நெல்லும் எழுவான்கரையின் (கிழக்குக் கரை) மீனும் தேங்காயும் உப்பும் எல்லாம் தண்ணீரால்தான் இடம்மாறின. வடக்கிலிருந்து வந்தாலும் தெற்கிலிருந்து வந்தாலும் முகத்துவாரத்தால் நுழைந்தாலும் புளியந்தீவைத் தொட்டுத்தான் போகவேண்டும். அங்கே பீரங்கி வைத்தவனுக்குக் கடலைக் காவல் காக்க வேண்டிய தேவையே இல்லை, வாவியைக் காத்தால் போதும்.

ஆகவே துறைமுகமா என்று கேட்டால், வாவி முழுவதுமே ஒரு துறைமுகம் என்பதுதான் என் பதில். மண்முனைத்துறை, அம்பிலாந்துறை, துறைநீலாவணை என்று கரை நெடுகிலும் துறைகள். கடல்வாசல் மட்டும் எப்போதும் சந்தேகம்.

நாவலடிக் கரை:

புளியந்தீவு அண்ணன் சரித்திரம் சொல்லிவிட்டார், நான் மணலைப் பற்றிச் சொல்கிறேன். நாங்கள் தலைமுறையாக அந்த வாயடியில் தொழில் செய்கிறவர்கள்.

முகத்துவாரம் ஏன் மூடுகிறது என்பதற்கு மூன்று காரணம். ஒன்று, எங்கள் கரையில் கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு, ஒரு முழம், கூடினால் ஒன்றரை முழம், அவ்வளவுதான். ஏற்ற இறக்கம் பெரிதாக இருக்கிற நாடுகளில் கடல்தண்ணீரே தினமும் இரண்டு தரம் உள்ளே போய் வெளியே வந்து வாயைக் கழுவிவிடும், எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இரண்டாவது, கரை நெடுகிலும் மணல் ஓடிக்கொண்டே இருக்கிறது. அலை கரைக்குச் சரிவாக அடிக்கும்போது மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு போகும், வழியில் வாய் ஒன்று திறந்திருந்தால் அதற்குக் குறுக்கே போட்டுவிடும். மூன்றாவதும் முக்கியமானதும், கச்சான் காலத்தில் மழை இல்லை, ஆறுகள் வற்றிவிடும், அந்த மணலைத் தள்ளிவிட உள்ளேயிருந்து தண்ணீர் வராது. மாரியில்தான் வெள்ளம் வரும், வாய் திறக்கும். மழைக் காலத்தையும் வாயையும் பிரித்துப் பேசவே முடியாது.

ஆற்றுவாய் வெட்டுவதை உங்கள் மருமகன் ஒருதரம் நேரில் பார்க்கவேண்டும். நிறையப் பேர் நினைக்கிறார்கள் பெரிய கால்வாய் தோண்டுகிறார்கள் என்று. இல்லை. மணல்திட்டுக்குக் குறுக்கே ஒடுக்கமாக ஒரு வாய்க்கால், அவ்வளவுதான். முந்திக் காலத்தில் மண்வெட்டியால் ஊரே சேர்ந்து வெட்டும், இப்போது பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) வருகிறது. கடல்மட்டம் இறங்கி வற்றாக இருக்கிற நேரம் பார்த்துத்தான் கடைசிக் கட்டையை எடுக்கவேண்டும், அப்போதுதான் உள்ளே நிற்கிற தண்ணீருக்கும் கடலுக்கும் உயர வித்தியாசம் அதிகம். முதலில் கணுக்கால் தண்ணீர் வழியும், ஒன்றுமே நடக்காதது போல் இருக்கும். பிறகு இரண்டு பக்கமும் மணல் துண்டு துண்டாக இடிந்து விழத் தொடங்கும், தண்ணீர் தானே வெட்டி அகலமாக்கும், நீங்கள் நின்ற இடம் பின்னால் பின்னால் போய்க்கொண்டே இருக்கும். சில மணித்தியாலத்தில் தோணி போகிற அளவுக்கு வாய் அகன்றுவிடும். அந்த நேரம் விளிம்பில் நின்று படம் எடுக்கக்கூடாது, காலடி மணல் சொல்லாமல் போகும். பிள்ளையைக் கூட்டிப்போனால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வாய் திறந்தால்தான் எங்களுக்குச் சீவியம். இறால் முட்டையிடுவது கடலில், குஞ்சு வளர்வது வாவியில். வாய் வழியாகக் குஞ்சு உள்ளே ஏறவேண்டும், கண்ணாக் காட்டு (அலையாத்திக் காடு) வேருக்குள்ளே ஒதுங்கி வளரவேண்டும், வளர்ந்தபிறகு திரும்பவும் கடலுக்குப் போகவேண்டும். வாய் கனகாலம் மூடிக்கிடந்தால் அந்தச் சுற்று அறுந்துபோகும். ஆனால் காலமறியாமல் அவசரப்பட்டு வெட்டினாலும் உள்ளே இருப்பதெல்லாம் ஒரேயடியாகக் கடலுக்கு இறங்கிவிடும், வாவி மட்டம் திடீரென்று விழும், ஓரத்தில் கட்டின வலை எல்லாம் வெறும் சேற்றில் நிற்கும்.

பழைய ஆட்கள் அலை உடைகிற விதத்தைப் பார்த்தே மணல் எங்கே குவிந்திருக்கிறது, எந்தப் பக்கத்தால் தோணியைக் கொண்டுபோகலாம் என்று சொல்லுவார்கள். 1913இல் வெளிச்சவீடு கட்டினார்கள், 28 மீற்றர் உயரம், அது கடலில் வருகிறவனுக்கு ஊர் எங்கே என்று காட்டும். வாய்க்குள்ளே எப்படி நுழைவது என்பதைக் கரையில் இருந்தவன்தான் காட்டவேண்டும். அந்த ஒல்லாந்தருக்கும் எங்கள் பக்கத்து ஆள் ஒருவன்தான் முன்னுக்கு நின்று வழி காட்டியிருப்பான் என்பது என் நம்பிக்கை.

2004 மார்கழி 26க்குப் பிறகு எங்கள் ஊரில் அப்படிச் சொல்லக்கூடிய பலர் இல்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவே ஒரு கீற்று மணலில்தான் நாவலடி. ஓட இடமிருக்கவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னால் முடியாது.

படுவான்கரை மகள்:

நாவலடி அண்ணா எழுதியதை வாசித்து நெஞ்சு கனத்துவிட்டது. அண்ணா, அந்த வாயை வெட்டுகிற விஷயத்தில் எங்கள் பக்கத்தையும் கேட்கவேண்டும், கோபிக்க வேண்டாம்.

மேற்கே உன்னிச்சை, உறுகாமம், நவகிரி என்று குளங்கள் இருக்கின்றன, தெற்கே கல்லோயா ஆற்றுத் தண்ணீர். மாரியில் வான்கதவு திறந்தால் அவ்வளவும் வாவிக்குத்தான் வரவேண்டும், வெளியேற இரண்டே வாய், ஒன்று பாலமீன்மடு, மற்றது தெற்கே கல்லாற்றுப் பக்கம். இரண்டும் மூடியிருக்க மழை ஒரு கிழமை அடித்தால் எங்கள் வட்டைகள் (வயல்வெளிகள்) கடலாகிவிடும். பெரும்போக வேளாண்மை ஒரு சாண் வளர்ந்து நிற்கிற நேரம் அது. பயிர் இரண்டு மூன்று நாள் தலைமூழ்கிக் கிடந்தால் அழுகத் தொடங்கும், விதைநெல்லும் பசளையும் கடனாக வாங்கின சனம் வீட்டு வாசலில் நின்று தண்ணீரைப் பார்க்கும். அதனால்தான் எங்கள் ஆட்கள் வெட்டு வெட்டு என்று கத்துகிறார்கள், மீன்பிடிக்கிறவர் மீது பகையில்லை. அதேநேரம் மழை இல்லாதபோது வாய் திறந்து கிடந்தால் உப்புத்தண்ணீர் ஏறி ஓர வயலைக் கெடுக்கும் என்பதும் எங்களுக்குத் தெரியும். கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) கூட்டம் வைத்து, நீர்ப்பாசனத்தார், விவசாயிகள், மீன்பிடிச் சங்கம் எல்லாரையும் இருத்திப் பேசித்தான் வெட்டுகிறார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற வழக்கு இது. ஒப்படையில் இதையும் எழுதச் சொல்லுங்கள், வாவியின் பூகோளம் என்றால் வெறும் நீள அகலம் இல்லை.

இன்னொன்று. பாதையை யாரும் சொல்லவில்லை. வெளியூர் ஆட்களுக்காகச் சொல்கிறேன், இங்கே பாதை என்றால் தரைவீதி இல்லை, ஆளையும் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற தட்டையான மிதவை. குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு, குருக்கள்மடத்திலிருந்து அம்பிலாந்துறைக்கு. மண்டூர் முருகனுக்குத் திருவிழா என்றால் எழுவான்கரைச் சனம் முழுக்க அந்தப் பாதையில்தான் வரும். மண்முனையில் பாலம் 2014இல் திறந்தார்கள், அதற்கு முந்தி கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் கோயிலுக்குத் தேர் பார்க்கப் போகிறவர்களும் அங்கே பாதைக்காகக் காத்து நின்றவர்கள்தான். எங்கள் அம்மம்மாவுக்கு வயிற்றுவலி வந்து இரவு பாதை இல்லாமல் விடியும்வரை கரையில் இருந்திருக்கிறோம், அதனால் பாலம் வந்தது எனக்கு முழுச் சந்தோஷம், ஒரு துளி கவலையும் இல்லை. அம்பாறைப் பக்கம் கிட்டங்கித் தாம்போதிக்கு (தண்ணீரைக் கடக்கிற தாழ்வான வீதி) மேலால் மாரிதோறும் வெள்ளம் பாய்ந்து நாவிதன்வெளிச் சனத்தைக் கல்முனையிலிருந்து அறுத்துப்போட்டதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

கல்குடாக் காற்று:

நல்ல இழை. எல்லாரும் வாவிக்குள்ளேயே நிற்கிறீர்கள், நான் வெளியே கொண்டுபோகிறேன். மட்டக்களப்புக்கு நேரே கடலடியில் ஒரு விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கிறது, எச்.எம்.எஸ். ஹேர்மிஸ். 1942 ஏப்ரல் 9, யப்பான்காரன் திருகோணமலையைக் குண்டு போட்ட அன்று, அங்கிருந்து விலகித் தெற்கே வந்த கப்பல். விமானந்தாங்கி என்று பேர், அன்றைக்கு அதில் ஒரு விமானமும் இல்லை. எங்கள் கடலில் வைத்துக் கண்டுபிடித்து மூழ்கடித்துவிட்டார்கள், 307 பேர் செத்தார்கள். கூட வந்த அவுஸ்திரேலிய நாசகாரிப் போர்க்கப்பல் வம்பயரும் மூழ்கிப்போய்விட்டது. வீற்றா என்ற மருத்துவக் கப்பல் அந்தப் பக்கம் வந்தபடியால் நூற்றுக்கணக்கான ஆட்கள் தப்பினார்கள். ஹேர்மிஸ் கிடப்பது 50 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழம், சாதாரணமாகச் சுழியோடுகிறவன் போகக்கூடாத இடம். அதே நாளில் மூழ்கின பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் ஆழம் குறைந்த இடத்தில் கிடக்கிறது, அதற்குள்ளே மீன் கூட்டம் கூட்டமாக நிற்கும். கடல் தெளிவாகவும் அமைதியாகவும் இருக்கிற சித்திரை முதல் புரட்டாசி வரைதான் அங்கே போகலாம். போகிறவர்கள் ஒரு இரும்புத் துண்டையும் எடுக்காதீர்கள், அது சமாதி.

கல்லடிப் பொடியன்:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. படுவான்கரை அக்கா, பாதையைப் பற்றி அவனுக்குத் தனியாக ஒரு பக்கம் எழுதச் சொல்லிவிட்டேன். இன்னும் இரண்டு கேள்வி. படகுப் போக்குவரத்து எப்போது குறைந்தது, கல்லடிப் பாலம் வந்தபிறகா? வாவிக்குள் மீன் பாடுகிறது என்கிறார்களே, அந்தப் பாடுமீன் உண்மையா? நான் பாலத்துக்குக் கீழேயே பிறந்து வளர்ந்தவன், வாகனச் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்டதில்லை.

புளியந்தீவான்:

ஒரே நாளில் குறையவில்லை தம்பி. கல்லடிப் பாலம் 1924, ஆளுநர் மனிங்கின் மனைவி பேரில் லேடி மனிங் பாலம் என்று வைத்தார்கள். அதோடு தெற்கே கல்முனைப் பக்கத்துச் சனம் வீதியால் நேரே பட்டினத்துக்கு வந்தது. 1928இல் ரயில் வந்தது, அதுதான் பெரிய வெட்டு என்று நான் சொல்வேன், கொழும்புக்கு நெல்லும் தேங்காயும் அனுப்ப இனிக் கப்பலுக்காகக் காற்றுப் பார்த்திருக்கத் தேவையில்லை. அப்புறம் லொறி. இப்போதுள்ள புதிய பாலம் 2013இல் திறந்தது, பழைய இரும்புப் பாலம் இன்னும் பக்கத்திலேயே நிற்கிறது. பாலங்கள் வேண்டும், தங்கச்சி சொன்னது முழுக்கச் சரி. எனக்குள்ள ஆதங்கம் வேறு. வாவியில் ஓடின பாய்த்தோணி ஒன்றைக்கூட நாங்கள் பத்திரமாக எடுத்து வைக்கவில்லை. கோட்டையின் கல்லைக் காப்பாற்றுகிற அக்கறையில் கால்வாசியாவது தோணிக்கும் அதைச் செதுக்கின ஓடாவிமாருக்கும் கிடைத்திருக்கவேண்டும். வயதான ஓடாவி யாராவது உங்கள் ஊரில் இருந்தால் மருமகனைக் கூட்டிக்கொண்டு போய் இருந்து பேசவையுங்கள், எந்த மரம், எப்படிக் குடைந்தார்கள், பாய் எப்படிக் கட்டினார்கள் என்று கைபேசியில் பதிவு செய்யுங்கள். ஒப்படைக்கு அதைவிடப் பெறுமதியான ஒன்று கிடையாது.

பாடுமீன் உண்மைதான், பாடுவது எது என்பதில்தான் வழக்கு. 1848இல் எமர்சன் டெனன்ட் என்ற வெள்ளைக்கார அதிகாரி நிலவில் வள்ளத்தில் போய்க் கேட்டு எழுதியிருக்கிறார், கண்ணாடிக் கோப்பையின் விளிம்பை ஈரவிரலால் தேய்த்தால் வருகிற ஓசை போலத் தண்ணீருக்குள்ளேயிருந்து வந்தது என்று. அவருக்கு வழிகாட்டின எங்கள் மீனவர்கள் அது ஊரி என்ற சங்கினத்தின் சத்தம் என்றுதான் சொன்னார்கள். லாங் என்ற யேசுசபைப் பாதிரியார் தண்ணீருக்குள் ஒலிவாங்கி இறக்கிப் பதிவு செய்தார், இலங்கை வானொலியிலும் ஒலிபரப்பானது. பாலத்துக்கு மேலே நின்றால் கேட்காது. மழையில்லாத மாதத்தில் பறுவத்தை (முழுநிலவை) ஒட்டிய இரவு, தோணியில் போய் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையைக் காதோடு அணைத்துக் கேட்கவேண்டும்.

நாவலடிக் கரை:

கல்லடித் தம்பி, மருமகனைக் கூட்டிவருவதானால் இந்த ஒழுங்கில் வாருங்கள். காலையில் கோட்டை, பிறகு காந்தி பூங்காவடி, 1814இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் வள்ளத்தில் வந்து கரையேறிய துறை அதுதான், சிலையும் இருக்கிறது. மத்தியானம் வெயில் தாழ எங்கள் பக்கம் வாருங்கள். வெளிச்சவீட்டடியில் நின்று ஒரு படமும், மணல்திட்டில் நின்று வாவிப்பக்கம் ஒன்றும் கடல்பக்கம் ஒன்றுமாக எடுக்கச் சொல்லுங்கள். பிறகு மழை தொடங்கினதும் அதே இடத்தில் நின்று இன்னொரு தரம் எடுக்கவேண்டும், அந்தப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் ஆசிரியருக்கு விளக்கமே தேவையில்லை. பாடுமீனுக்கு எங்கள் மச்சான் ஒருவரிடம் தோணி இருக்கிறது, பறுவத்துக்கு இரண்டு நாள் முந்தித் தனிச்செய்தியில் சொல்லுங்கள். பொடியனுக்கு மிதவை அங்கி கட்டாயம், அது இல்லாமல் ஏற்றமாட்டோம்.